கடைசிச் சொல் 'வா'

மலைக்கு ஒரு தெய்வமும் அலைக்கு ஒரு தெய்வமும் இருந்த காலத்தில், யவன தேசத்தில் அச்சத்துக்கும் ஓர் உடம்பு இருந்தது; பெயரும் இருந்தது. போபோஸ் என்பது அந்தப் பெயர். அவன் கதையைக் கேளுங்கள்.

அவன் தகப்பன் போர்த் தெய்வம் ஏரீஸ். தாய் அன்புத் தெய்வம் அப்ரோடைட்டி. உடன்பிறந்தவன் தைமோஸ், அவன் திகில். தேரில் ஏறும் உயரம் வந்ததும் தகப்பன் பிள்ளைகள் இருவரையும் போர்க்களத்துக்கு அழைத்துக்கொண்டான். தைமோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. போபோஸ் பார்த்தான்.

"அம்மா, இனி உன்னை எங்கே பார்ப்பேன்?"

"எந்த வாசலில் உனக்குச் சொல்லும் கடைசிச் சொல் 'வா' என்று இருக்கிறதோ, அந்த வீட்டில் நான் இருப்பேன்" என்றாள் தாய்.

இது எளிது என்று நினைத்துப் பிள்ளை புறப்பட்டான்.

முதலில் ஒரு படைத்தலைவன் அவனுக்கு வெள்ளாடு பலியிட்டான். "வா, அச்சத்தின் அரசே, வா" என்று மாலை போட்டான். போபோஸ் ஆசையோடு போய் நின்றான். தலைவன் உடனே ஆற்றின் எதிர்க்கரையில் நின்ற பகைவரைக் காட்டி, "அவர்களிடம் போ" என்றான். எதிர்க்கரையிலும் ஓர் ஆடு வெட்டி அதையேதான் சொன்னார்கள்.

அடுத்து ஒரு கூத்துக்களத்துக்குப் போனான். அவன் முகத்தைச் சிங்கப் பிடரிமயிரோடு முகமூடியாகச் செய்து வைத்திருந்தார்கள். சனங்கள் "வா, வா" என்று கத்தினார்கள். முகமூடி வந்ததும் அலறினார்கள், அலறிவிட்டுச் சிரித்தார்கள். கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்த போபோஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கூத்து முடிந்தது. "போதும், வீட்டில் வேலை கிடக்கிறது, நீ போ" என்று முகமூடியின்மேல் ஒலிவக் கொட்டைகளை எறிந்துவிட்டு எழுந்தார்கள். இன்றைக்கும் பேய்க்கதை கேட்கக் காசு கொடுத்து உட்காருகிறவர்கள் அப்படித்தான் எழுந்து போகிறார்கள்.

"நீ அழாமல் தேரில் ஏறுவதற்காக அம்மா சொன்னது அது. சோறு ஊட்ட நிலாவைக் காட்டுவார்களே, அது மாதிரி. இன்னுமா நம்புகிறாய்?" என்றான் தைமோஸ்.

போபோஸ் அடுத்த வாசலைத் தேடிப் புறப்பட்டான்.

மூன்றாவதாக ஒரு தீவுக்குப் போனான். அங்கே நிகாந்தர் என்ற மீனவன் காலையில் கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். வானம் தெளிந்திருந்தது. அவன் மனைவி மெலித்தா கைப்பிள்ளையோடு வாசலில் நின்றாள். போபோஸ் மெல்ல அவள் பக்கத்தில் போய் நின்றான். "வயிற்றைக் கலக்குகிறது, இன்றைக்குப் போக வேண்டாமே" என்றாள் அவள்.

"நேற்றைய மீன் பழையது, அதுதான் கலக்குகிறது" என்று சிரித்தான் நிகாந்தர். பயந்தவள் புருஷன் வலை உலர்த்தத்தான் லாயக்கு என்று ஊர் பேசும் என்றான்.

மற்றவர்களாக இருந்தால் அச்சத்தை அங்கேயே விரட்டியிருப்பார்கள். மெலித்தா விரட்டவில்லை. வெறும் காற்றைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"எதைப் பார்த்துவிட்டு வந்தாய்?"

அதுவரை அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. போபோஸ் படகின் அடிப்பக்கத்தைக் காட்டினான். அவன் விரல் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கால்கள் அங்கே நடந்தன. பலகைகளின் இடுக்கைக் கையால் தடவினாள். ஓரிடத்தில் தண்ணீர் புகாமல் பூசியிருந்த தார்க்கீல் உதிர்ந்து, அவள் விரல் உள்ளே போயிற்று.

நிகாந்தரும் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு கீல் காய்ச்ச அடுப்பு மூட்டினான்.

மெலித்தா வாசலுக்குத் திரும்பியபோது, தொலைவில் ஏரீஸின் தேர்மணி கேட்டது. போபோஸ் படியிறங்கினான். இங்கேயும் அந்தச் சொல்தான் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டான். வீட்டு மனிதரை யாராவது வெறுமனே 'போ' என்று அனுப்புவார்களா? அந்தத் தீவிலும் அனுப்புவதில்லை.

"போய் வா" என்றாள் மெலித்தா.

அவன் திரும்பிப் பார்த்தான். மெலித்தாவின் தோளில் கைவைத்தபடி அம்மா நின்றிருந்தாள். ஓடி வந்தான். அவள் அவன் தலைமயிரைக் கோதிவிட்டாள். மணி மறுபடி ஒலித்தது. அவன் போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதன்பிறகு எந்தக் களத்தில் நின்றாலும், அவன் கண் அந்தத் தீவின் பக்கமே இருந்தது.

ஆகையால் பெரியோரே, பிள்ளைகளே: அச்சம் அன்பு பெற்ற பிள்ளை, அதை விரட்டாமல், எதற்கு வந்தாய் என்று கேட்பதே அறிவு.