புனுகுப்பூனையின் தன்னாட்சிப் பள்ளிக்கூடம்

மூங்கில் மலையில் ஒரு புனுகுப்பூனை பள்ளிக்கூடம் நடத்தியது. சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை, தன்னாட்சிப் பள்ளிக்கூடம்! அதாவது, இடமும் நிழலும் குட்டிகள் நக்க உப்புமண்ணும் காட்டின் பொதுவிலிருந்து வரும். என்ன சொல்லிக் கொடுப்பது என்பது மட்டும் புனுகாரின் இஷ்டம். யாராவது கேட்டால், "எங்களுடையது புது முறை" என்பார். பக்கத்தில் நின்றாலே கமகமவென்று மணப்பார். பாதிப் பெற்றோர் அந்த மணத்திலேயே விழுந்துவிட்டார்கள்.

அப்படி விழுந்தவள்தான் சருகி என்ற சருகுமான். சருகுமான் என்றால் முயல் அளவே இருக்கும். கொம்பும் கிடையாது, பலமும் கிடையாது. மரத்தின் மேலிருந்து மந்தி எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், புதருக்குள் பாய்ந்து மூச்சு காட்டாமல் படுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் அந்தச் சாதியே பிழைத்துக் கிடக்கிறது. சருகியின் குட்டி கொழுந்துக்கு அது இன்னும் தெரியாது. கோடையில் மலைக்குட்டை வற்றியதும் எல்லாரும் தண்ணீருக்கு ஆற்றுக்கு இறங்க வேண்டும். ஆற்றங்கரையில் சிறுத்தை இருக்கிறது. வித்தை தெரியாமல் போகும் குட்டி திரும்பி வராது.

சருகியே சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் புது முறையில் படித்தால் நம்மைவிடக் கெட்டிக்காரியாக வருவாளே என்று ஓர் ஆசை. தாய் மனசு, என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஆணை வந்தது. பெருங்காடு முழுவதையும் ஆள்கிற புலிராஜா போட்ட ஆணை. மலைகளில் இருக்கும் தன்னாட்சிப் பள்ளிகளை எல்லாம் இனிமேல் ராஜாவின் ஆட்களே வந்து சோதிப்பார்களாம், குட்டிகளின் பாதுகாப்பு முக்கியமாம். மான்குட்டி, முயல்குட்டி மேலெல்லாம் புலிக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள். கேட்டவுடன் கண் கலங்கவில்லை?

சோதிக்க வந்தது ஓர் ஆமை. முதுகில் படிவக் கட்டு. வேலியில் எத்தனை முள், குட்டிகளின் வால் எத்தனை விரல் நீளம், நீச்சல் பாடம் உண்டா என்று வரிசையாகக் கேட்டது. மலை உச்சியில் முழங்கால் அளவுக் குட்டையை வைத்துக்கொண்டு நீச்சல் பாடம்! புனுகார் கொஞ்சமும் யோசிக்காமல், "உண்டு" என்றார். ஆமையும் எழுதிக்கொண்டது.

மலைத் தலைவர் காட்டெருமைக்கு மூக்கு விடைத்துவிட்டது. சமவெளியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் மலையின் ஏற்றம் தெரியுமா, இறக்கம் தெரியுமா, எங்கள் பள்ளியைச் சோதிக்க அவர்கள் யார் என்று பாறை மேல் ஏறி முழங்கினார். சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்து என்ன? புலியின் சோதனை தேவையே இல்லை என்று காட்டுவதற்கு அவரும் ஒரு சோதனைக் குழு போட்டார். அதுவரை ஆமை மட்டும் வந்தது. பிறகு ஆமையும் வந்தது, குழுவும் வந்தது. ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏறினார்.

புனுகார் லேசுப்பட்ட ஆளா? பலாமரத்து மந்திக்குத் தினமும் பழம் கொடுத்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பாதையில் சோதிக்கிறவர்கள் தலை தெரிந்தால் மந்தி குரல் கொடுக்க வேண்டும். உடனே குட்டிகள் எல்லாம் வேலி ஓரம் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும். மந்திக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு குரல். அதைத்தான் கொடுத்தது.

குட்டிகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், பெற்றோர் வேலிக்குள் வரக் கூடாது என்பது புது முறையின் முதல் விதி. அதனால் சருகிக்கு இதெல்லாம் தெரியவில்லை. ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று குட்டியிடம், இத்தனை நாளாக என்னடி கண்ணு படித்தாய் என்று கேட்டாள். புலிராஜாவுக்கு ஒரு பாட்டு, தலைவருக்கு ஒரு பாட்டு, இரண்டுமே தெரியும் என்றது கொழுந்து. மந்தி கத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"வரிசையில் நிற்பேன்மா. நான் முதல் வரிசை!"

சருகி ஓட்டமாக ஓடிப் புனுகாரைக் கேட்டாள். ஒழுக்கம், முழுமையான வளர்ச்சி என்று அவர் ஏதேதோ சொன்னார். மணம்தான் வந்தது, பதில் வரவில்லை. தலைவரிடம் போனாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நீ எந்தப் பக்கம்? மலைப் பக்கமா, புலிப் பக்கமா?"

"நான் என் குட்டி பக்கம், தலைவரே."

அப்படி ஒரு பக்கம் இருப்பதே தலைவருக்குத் தெரியாது. புலி அனுப்பிய ஆள்தான் இவள் என்று முடிவு கட்டிவிட்டார்.

கடைசியில் ஆமையின் காலில் விழுந்தாள். குட்டிகளுக்கு ஆபத்துக் குரல் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள் ஐயா என்று கெஞ்சினாள். ஆமை பொறுமையாகக் கட்டைப் பிரித்து எல்லாப் படிவங்களையும் புரட்டியது.

"அந்தக் கேள்வி இதில் இல்லையேம்மா" என்றது.

இனி ஒரு நாளும் அங்கே விடுவதில்லை என்று மறுநாள் காலை குட்டியை அழைத்துவரப் போனாள் சருகி. வேலியை நெருங்கும்போது மந்தி கத்தியது. பாதையில் ஆமையும் இல்லை, குழுவும் இல்லை. குட்டை இன்னும் முழுதாக வற்றவில்லை. இரை ஆற்றுக்கு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத சிறுத்தை, தானே மலை ஏறி வந்துகொண்டிருந்தது.

குட்டிகள் ஓடிவந்து வரிசையில் நின்றன. யாருக்கான பாட்டு என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் பாடின. புனுகார் எப்போதோ மரம் ஏறிவிட்டார்.

சருகி முள்வேலியைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். தோல் கிழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. கொழுந்தைத் தலையால் முட்டிப் புதருக்குள் தள்ளி அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். அடுத்து நின்ற முயல்குட்டி கடைசிவரை பாட்டை நிறுத்தவில்லை. சிறுத்தை அதைக் கவ்விக்கொண்டு போனது. நல்ல குட்டி, பாவம். வாத்தியார் சொன்னதை அப்படியே கேட்ட குட்டி.

மலையே அழுதது என்று சொல்ல ஆசைதான். மலை கூட்டம் போட்டது. புலி மூக்கை நுழைத்ததால் வந்த வினை என்றார் தலைவர். மலை எங்களை முழுதாகச் சோதிக்க விடாததால் வந்த வினை என்று பள்ளத்தாக்கிலிருந்து பதில் வந்தது. வேலியில் இன்னும் கொஞ்சம் முள் வைக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். புனுகாரின் உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

சருகி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. மந்தியை அழைத்துவந்து புதர் ஓரம் உட்காரவைத்துக் கத்தச் சொன்னாள். கொழுந்து எழுந்து வரிசையில் நின்றது. சருகி முட்டித் தள்ளினாள். மறுபடி கத்தச் சொன்னாள், மறுபடியும் நின்றது. நான்காம் நாள்தான் அதன் கால் புதர்ப் பக்கம் திரும்பியது. அதற்குள் அவளைச் சுற்றி ஒன்பது தாய்மார்கள் தங்கள் குட்டிகளோடு வந்து நின்றார்கள். செத்துப்போன குட்டியின் தாய் முயலும் தன் மிச்சக் குட்டிகளோடு வந்திருந்தது. மந்தி கத்தியது.

பள்ளியைச் சோதிக்கும் உரிமை யாருக்கு என்று பெரியவர்கள் அடித்துக்கொள்ளும் இடத்தில், பிள்ளை என்ன கற்றது என்று கேட்க ஒருவரும் மிஞ்சுவதில்லை.