கீறல் விழுந்த குடுவை

"மேடம், முதல் ரெண்டு வருஷத்தை மறைச்சிடலாமா?"

வேதியியலில் ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கப்போகும் ஜெசிந்தா கேட்டாள்.

மறுநாள் ஒரு மருந்துக் கம்பெனியில் நேர்காணல். கல்லூரி வேலை கிடைக்கவில்லை. சாய ஆலையிலும் இல்லை என்றுவிட்டார்கள். வீட்டில் அம்மா காலையிலிருந்து ஜெபத்தில் இருக்கிறாள்.

பேராசிரியர் மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

"மறைச்சு?"

"அப்போ எடுத்த வேலை ஒண்ணும் கைகூடலையே. கேட்டா, உடம்பு சரியில்லாம இருந்தேன்னு சொல்லிடறேன்."

"கேன்டீன்ல ரெண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்ட உடம்பு."

ஜெசிந்தா சிரித்தாள். கண் கலங்கியது.

"தோத்ததைச் சொன்னா யாரு மேடம் வேலை குடுப்பாங்க?"

மெஹருன்னிசா ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

"உன் கரைசல் என்ன ஆச்சு?"

"தண்ணியாவே நிக்குது. காய்ச்சி, ஆறவிட்டு, ஐஸ்லயும் வச்சாச்சு. ஒரு படிகம்கூட இறங்கலை. இத்தனைக்கும் புதுக் குடுவை மேடம்."

மெஹருன்னிசா அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய குடுவையை எடுத்து வைத்தார். உள்ளே எல்லாம் கீறல்.

ஜெசிந்தாவுக்கு அது தெரிந்த குடுவை. அந்த இரண்டு வருஷமும் அடியில் தார் போல ஒட்டிக்கொண்டதையெல்லாம் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, அவளே போட்ட கீறல்கள்.

"இதை நான் உடைசல் பெட்டியில போட்டேனே."

"நான் எடுத்து வச்சேன். கரைசல்ல பாதியைச் சூடாக்கி இதுல ஊத்து. ரெண்டையும் ஐஸ்ல வை."

வைத்தாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மெஹருன்னிசா பக்கத்து அறைக்குத் தொழப் போனார். ஜெசிந்தாவும் இருந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தபோது அவள் ஐஸ் பெட்டியின் முன் குனிந்து நின்றாள்.

புதுக் குடுவையில் கரைசல் தெளிந்த தண்ணீராய் இருந்தது. பழையதில், ஒவ்வொரு கீறலிலிருந்தும் வெள்ளை ஊசிகளாய்ப் படிகங்கள் கிளம்பியிருந்தன.

வெகுநேரம் பார்த்தாள்.

"மேடம், அப்போ நாளைக்கு..."

"புதுசையும் கழுவி வச்சிட்டுப் போ. பாவம், அது மேல ஒரு குத்தமும் இல்லை."

மறுநாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்.

"முதல் ரெண்டு வருஷம் என்னம்மா பண்ணினீங்க?"

"குடுவையைச் சுரண்டிக்கிட்டு இருந்தேன் சார்," என்று ஆரம்பித்தாள் ஜெசிந்தா.