எர்த் குழியின் உப்பு

சடையன் என்ற முள்ளம்பன்றிக்கு முதலில் துரோகம் செய்தது கடமான் வீரணன். மற்ற விலங்குகளெல்லாம் பிறகு வந்து சேர்ந்துகொண்டவை.

அந்தக் காட்டில் அருவித் தண்ணீர் விழுந்து சுழலும் சக்கரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து காடு முழுவதற்கும் கரண்ட் வந்தது. கரண்ட் வேலை செய்ய லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் என்பது கழுத்தில் தொங்கும் ஒரு பித்தளை வில்லை. அதைக் கொடுப்பவரும் பிடுங்குபவரும் ஆமை இன்ஸ்பெக்டர். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் நடந்து வருவதற்குள் கோடை முடிந்து மழை தொடங்கிவிடும்.

சடையன் பள்ளிக்கூடப் பக்கம் போனவன் இல்லை. ஒரு கரடி கான்ட்ராக்டரிடம் கம்பி இழுத்து, குழி தோண்டி, இளமையெல்லாம் போன பிறகுதான் அவன் கழுத்துக்கு வில்லை வந்தது. அதைக் குளிக்கும்போதுகூட அவன் கழற்றுவதில்லை.

ஒரு கோடையில் குளம் வற்றியது. தண்ணீர் பாறை மடுவில் மட்டும்தான் கிடந்தது. குட்டிகளால் அவ்வளவு ஆழம் இறங்க முடியவில்லை. மோட்டார் போட்டு மேலே ஒரு தொட்டியில் தண்ணீர் விடலாம் என்று சபை கூடி முடிவு செய்தது. சபைத் தலைவன் வீரணன்.

"வெளிக்காட்டு ஆள் எதுக்கு? நம்ம சடையண்ணன் செய்யட்டும்" என்றான் வீரணன். சொன்னது அவன்தான். சடையன் அதை மறுக்கவில்லை.

வேலை நன்றாக முடிந்தது. கடைசியாகச் சடையன் தொட்டிக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி தோண்டினான். அதில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியையும், வெளியிலிருந்து கொண்டுவந்த உப்பையும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். மோட்டாரிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து அந்தக் குழாயில் கட்டினான்.

"மோட்டார்னா என்னைக்காவது கசியத்தான் செய்யும். கசியிற கரண்ட் நம்ம மேல ஏறாம இந்தக் கம்பி வழியா மண்ணுக்குள்ள போயிரும். இதுக்குப் பேரு எர்த் குழி. இதுமேல ஒரு பெரிய பலகைக்கல் வைக்கணும். என்னால தூக்க முடியாது. தலைவர்தான் யானையைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லணும்" என்றான்.

"நாளைக்கே வச்சுடறேண்ணே" என்றான் வீரணன்.

நாளை வந்தது. யானை மூங்கில் காட்டுக்குப் போயிருப்பதாக வீரணன் சொன்னான். அடுத்த முறை கேட்டபோது யானைக்குக் கால்வலி என்றான். "அந்தக் கல்லு என்ன ஆச்சு?" என்று மூன்றாவது முறையும் சடையன் போய் நின்றான். "ஏண்ணே, கல்லு கல்லுன்னு உயிரை எடுக்கறீங்க? அதுபாட்டுக்குக் கிடக்கட்டுமே" என்று சிரித்தான் வீரணன்.

யானைக்கு ஒன்றுமில்லை. குழிக்குள் உப்பு இருந்தது. அதுதான் விஷயம்.

காட்டில் புல் உண்டு, பழம் உண்டு, உப்பு கிடையாது. மான்களுக்கு உப்பு என்றால் நாக்கு நிற்காது. முதலில் வீரணன் ஒரு நக்கு நக்கினான். பிறகு காட்டெருமை வந்தது. முயல் வந்தது. குரங்கு மொக்கையன் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போனான். அந்தக் கோடையில் உப்பு தின்ற தாகத்தில் எல்லோரும் தொட்டித் தண்ணீரை அப்படிக் குடித்தார்கள். மோட்டார் தண்ணீர் ருசியாக இருக்கிறது என்று சடையனிடமே சொன்னார்கள். அவனும் சந்தோஷப்பட்டான்.

நக்க நக்க உப்பு கீழே இறங்கியது. வீரணன் குளம்பால் தோண்டினான். ஒருநாள் குளம்பு கம்பியில் பட்டு, கம்பி குழாயை விட்டு அறுந்தது. அவன் அதைப் பார்த்தான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் மோட்டார் கசிந்தது. தாகத்தோடு ஓடி வந்து தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஈரக் குழாயில் வாயை வைத்தது ஒரு கன்று. வீரணனுடைய சொந்தக் கன்று. பூவி என்று பெயர். மறுபடி அது எழுந்திருக்கவில்லை.

அலறல் கேட்டுச் சடையன் ஓடி வந்தான். முதலில் மோட்டாரை நிறுத்தினான். அடுத்து குழிக்குப் போனான். மேல் மண்ணை விலக்கினான்; உப்பைக் காணோம், கம்பி அறுந்து கிடந்தது. சுற்றிலும் எத்தனையோ கால் தடங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அகலமாக, வீரணனின் குளம்பு.

அந்த நேரத்திலேயே அவன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் கன்றின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அதன் தாய் செவந்தி கிடந்தாள். இப்போது போய் இதைச் சொல்வதா என்று சடையன் வாயை மூடிக்கொண்டான். அன்று மாலையே கோடை மழை அடித்தது. தடமெல்லாம் கரைந்தது.

ஆமை இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். குழியைப் பார்த்தார். அறுந்த கம்பியைப் பார்த்தார்.

"குழி சரியாத்தான் போட்டிருக்கு. உப்பை எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மொக்கையன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, உப்புன்னா முள்ளம்பன்றி சாதிக்கு உசுருங்க. நம்ம சடையண்ணன் சின்ன வயசுல விறகுவெட்டியோட கோடரிக் காம்பையே கடிச்சுத் தின்னவரு. காம்புல வேர்வை உப்பு இருந்துச்சாம்."

கூட்டம் சிரித்தது. சாவு நடந்த இடத்தில் நின்றுகொண்டு சிரித்தது.

"தின்னேன். அது கோடரிக் காம்பு. இது நான் போட்ட குழி. என் குழியை நானே தோண்டுவேனா?" என்றான் சடையன்.

"தோண்டினது யாருன்னு சொல்லு" என்றார் ஆமை.

சடையன் வீரணனைப் பார்த்தான். வீரணன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைவர் சொல்லுவாரு" என்றான் சடையன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் பிள்ளையைப் பறிகொடுத்தவன்" என்றான் வீரணன். அதற்குமேல் அவனிடம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆமை மெதுவாகச் சடையனின் கழுத்து வில்லையைக் கழற்றினார். அதைச் செய்யவும் அவருக்கு வெகுநேரம் ஆனது. சடையன் அசையாமல் நின்றான்.

"எனக்கும் மனசு ஒப்பலைப்பா. ஆனா ஒரு உயிர் போயிருக்கு. வேற யாரும் ஒத்துக்கலைன்னா குழி போட்டவன் தலையிலதான் விழும். உப்பைத் தின்னவங்கள்ல ஒருத்தர் வந்து, நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே இதைத் திருப்பித் தரேன்" என்றார்.

சடையன் வீரணனைத் தேடிப் போனான்.

"வீரணா, உனக்குத் தண்டனை வாங்கித் தர நான் வரலை. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான். நீ ஒரு வார்த்தை சொன்னா நான் பிழைச்சுக்குவேன்."

வீரணன் குளம்பால் தரையைக் கீறினான்.

"நான்தான்னு வாயால சொன்னா, என் பிள்ளையை நான்தான் கொன்னேன்னு ஆயிரும். அதைச் சொல்லிட்டு நான் எப்படிண்ணே உசுரோட இருப்பேன்?"

"அப்போ நான் எப்படிடா இருக்கேன்?"

வீரணன் புதருக்குள் இறங்கிப் போனான்.

சபை அடுத்த மலையிலிருந்து கூழன் என்ற பெருச்சாளியைப் புது கான்ட்ராக்டராகக் கொண்டுவந்தது. வந்தவன் ஒருநாள் சடையனின் வளைக்கே வந்தான்.

"பெரியவரே, ஒரு சந்தேகம். உங்க ஊர்ச் சபை எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கு. எர்த் குழியில உப்பே போடக் கூடாதாம். மேல ரெண்டு யானை சேர்ந்து பெரிய கல்லு வைக்கணுமாம். உப்பைத் தின்னது நீங்கதான்னா, உங்களைத்தான் விலக்கியாச்சே. இனி யாரு வந்து தின்னப்போறாங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

"அவங்க நாக்கு அவங்களுக்குத் தெரியும் தம்பி" என்றான் சடையன்.

"ஐயோ. அப்ப ஊருக்கே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீ உன் குழியை நல்லாப் பார்த்துக்க."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் செவந்தி வந்தாள். வளைக்கு வெளியே தயங்கி நின்றாள். கன்று போன பிறகு அவள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்பேன். உப்பைத் தின்னது நீங்களா?"

"இல்லைம்மா."

"பின்னே யாரு?"

சடையனின் முட்களெல்லாம் விறைத்தன. இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்த பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. அவளுடைய கண்களைப் பார்த்தான்.

"உன் வீட்டுக்காரனைக் கேளு" என்று மட்டும் சொன்னான்.

"கேட்டேண்ணே. நீங்கதான்னு சொன்னாரு." அவள் குரல் இறங்கியது. "சொல்லும்போது என் மூஞ்சியைப் பார்க்கலை."

அவள் திரும்பி இரண்டடி வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்களாவே இருந்துட்டுப் போங்கண்ணே" என்றாள் செவந்தி. "பூவியும் போயிட்டா. அவரும் இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா?"

சரி என்று சடையன் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீரணன் இன்றும் சபைத் தலைவன்தான். எதிரே சடையன் வருவது தெரிந்தால் வேறு பாதையில் திரும்பிவிடுவான். சடையனும் விடுவதில்லை. எட்ட நின்று, "வீரணா, அந்த ஒரு வார்த்தை இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அந்த வார்த்தை இந்த நிமிடம் வரை வரவில்லை.

தவறு செய்தவன் தன் வாயால் அதைச் சொல்லாதவரை, அதன் பாரத்தைச் செய்யாதவன்தான் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கிறது.