பாகும் கட்டியும்

பனங்காட்டுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குத் தலைவி மங்கையர்க்கரசி அம்மா. வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரிடம் சீடராக இருந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. மகள் வயதுக்காரியிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே மனுஷன் என்று வந்த புதிதில் சிலர் வாய்விட்டே சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வந்த காரியம் அப்படி.

மடத்தில் பதநீரைக் காய்ச்சிக் கற்கண்டு எடுப்பார்கள். பாகைப் பானையில் ஊற்றி, உள்ளே நூலைத் தொங்கவிட்டு, வாயைக் கட்டி, நாற்பது நாள் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். ஆவுடையப்பன் சும்மா இருப்பாரா? முதல் கட்டி எந்தப் பக்கம் பிடிக்கும் என்று யோசித்து யோசித்து, பானைக்குப் பானை சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பார். மூன்று வருஷமாகப் போடுகிறார். பலித்ததைவிடப் பொய்த்ததே அதிகம்.

அன்று காலை அவர் பானைகள் பக்கமே போகவில்லை. அடுப்படியில் பாகு கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"என் மக வந்திருக்காம்மா. முன்கூடத்துல உக்காந்திருக்கா."

"பார்த்தேன். பேசுனீங்களா?"

"இல்ல. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிருவாளாம். அதுக்குள்ள நான் வெளிய வரலைன்னா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கா."

"அப்ப இங்க என்ன வேலை உங்களுக்கு?"

மூன்று வருஷமாக யாரிடமும் திறக்காத வாயை அப்போதுதான் திறந்தார்.

அல்லியும் முல்லையும் இரட்டைப் பிள்ளைகள். தாயில்லாத பிள்ளைகள். ஏழு வயதில், ஆற்றைக் கடக்கும்போது பரிசல் கவிழ்ந்தது. அவர் வலது கையில் அல்லி, இடது கையில் முல்லை. கவிழ்ந்த பரிசலின் விளிம்பைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. இடது கையை விட்டார். அல்லியை அதன்பிறகு அவளுடைய அத்தைதான் வளர்த்தாள்.

"ஏன்மா இடது கை? ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். குந்துமணி அளவு கூட வித்தியாசம் கிடையாது. பத்தொன்பது வருஷமா அல்லியைப் பார்க்கிறப்பல்லாம், ஏன் இவ, ஏன் அவ இல்லைன்னுதான் மனசு கேக்குது. அவ முகத்தை நிமிந்து பார்க்க முடியல."

சொல்லிவிட்டு அழுதார். அம்மா அழவிட்டார். கரண்டி மட்டும் நிற்கவில்லை.

"இங்க வர்றதுக்கு முன்னால ஏதோ ஆராய்ச்சி பண்ணீங்களே, என்ன அது?"

இப்போது போய் இதைக் கேட்கிறாரே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னார்.

"அணுவோட கருவை மோதவிட்டுச் சூடாக்குறதும்மா. உள்ள இருக்கிற துகளெல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்கும். ஆறிப்போனா, அந்தக் கூட்டம் மொத்தமும் ஏதோ ஒரு பக்கமா சாஞ்சிரும். எந்தப் பக்கம் வேணா சாஞ்சிருக்கலாம். ஏன் அந்தப் பக்கம்னா, காரணமே கிடையாது."

"சாஞ்சதை நிமித்த முடியாதா?"

"முடியும். ரெண்டு லட்சம் கோடி டிகிரி சூடு வேணும். அப்ப எல்லாப் பக்கமும் மறுபடி ஒண்ணாயிரும். கண்ணிமைக்கிற நேரம் கூட நிக்காது. ஆனா அப்படி ஒரு சமம் இருக்குதும்மா. அது என் மனசுக்கு வரணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அம்மா எழுந்து போனார். நாற்பது நாள் முடிந்த பானை ஒன்றைத் தூக்கிவந்து உடைத்தார். நூலில் ஒரு பக்கமாகக் கைப்பிடி அளவுக்குக் கற்கண்டு விளைந்திருந்தது. அத்தனை அழுகையிலும் ஆவுடையப்பனின் கண் உடைந்த ஓட்டில் இருந்த தன் கோட்டைத் தேடியது. கோடு ஒரு பக்கம், கட்டி இன்னொரு பக்கம்.

அம்மா கட்டியை நூலிலிருந்து உருவி, கொதிக்கிற பாகில் போட்டார்.

"ஐயோ, நாற்பது நாள் விளைஞ்சதும்மா!"

அவர் பதறி முடிப்பதற்குள் அது கரைய ஆரம்பித்துவிட்டது. அம்மா முழுவதும் கரையும்வரை கிண்டினார்.

"நல்லாப் பாருங்க. இப்ப எந்தப் பக்கம் பிடிச்சிருக்கு?"

எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கமும் இல்ல."

"நீங்க தேடுனது கிடைச்சிருச்சே. எடுத்துக்கோங்க."

கையை நீட்டினார். ஆவி பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எடுக்க முடியாதும்மா."

"ஆறட்டும். அப்புறம் எடுங்க."

"ஆறுனா மறுபடி ஒரு பக்கமாப் பிடிச்சிருமே."

"அப்ப பிடிக்காமலே எடுங்களேன்."

"பிடிக்காட்டி..." நிறுத்தினார். "பிடிக்காட்டி கையில ஒண்ணும் நிக்காதும்மா."

அம்மா விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்கூடத்தில் அல்லி யாரிடமோ பஸ் வரும் நேரத்தை விசாரிப்பது இங்கே கேட்டது.

"அப்போ ரெண்டு பிள்ளைக்கும் நான் சமமா இருக்க வழியே இல்லையாம்மா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏன் இல்ல? பத்தொன்பது வருஷமா ரெண்டு பேரையும் சமமாத்தானே விட்டிருக்கீங்க, ஐயா."