ஒன்று அசல், மூன்று நகல்

"எவன் பார்த்த வேலை இது? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

கலியமூர்த்தி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வீசினார். வயது ஐம்பத்திரண்டு. கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசித்து, பேரம் பேசிப் பேசியே முன்னுக்கு வந்தவர். இப்போது சினிமாப் பின்னணி இசை கற்க, சாலிகிராமத்தில் யமுனாவின் ஸ்டூடியோவுக்கு வந்துகொண்டிருக்கிறார். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"என்ன ஆச்சு சார்?" என்றார் யமுனா.

"ஆசீர்வாதம் சாரோட செல்லோவைத்தான் சொல்றேன் மேடம். நாசம் பண்ணி வெச்சிருக்கான்."

ஆசீர்வாதம் போன வாரம் இறந்துவிட்டார். நாற்பது வருஷம் சினிமா இசைக்குழுக்களில் கூட்டத்தோடு கூட்டமாக, வயலினுக்கு அண்ணன் போன்ற செல்லோவை வாசித்தவர். தனியாக அவர் வாசித்த ஒரு பதிவுகூடக் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் இதே ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஸ்வரமாக அவர் வாசித்துக் கொடுத்ததுதான் மிச்சம். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அவருடைய செல்லோ ஒலிக்கும். துக்கக் காட்சிகளுக்கு அடியில் புகைபோல விரிக்க எத்தனையோ பேர் அதை எடுத்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல, நினைவு ஆராதனையில அப்பா வாசிக்கிறதைக் கேக்கணும்" என்று மகள் கிளாடிஸ் கேட்டிருந்தாள். அந்த ஸ்வரங்களை ஒரு பாட்டாகக் கோத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் கலியமூர்த்தி.

"ஒரு ஸ்வரத்தை நாலு தடவை வாசிக்க வெச்சுப் பதியணும். அப்பத்தான் அழுத்த அழுத்த மனுஷன் வாசிக்கிற மாதிரி மாறி மாறி வரும். இங்க அடித்தந்தி பூரா ஒரே தடவைதான். மிச்சம் மூணும் நகல்! ஆணி அடிக்கிற மாதிரி கேக்குது. இதைப் போய் அந்தப் பொண்ணுகிட்ட எப்படிக் கொடுப்பேன்?"

யமுனா கூப்பிட்டார். "கலியமூர்த்தி சார்."

"சொல்லுங்க."

"கலியமூர்த்தி சார்."

"என்ன மேடம்?"

"கலியமூர்த்தி சார்."

"காது கேக்குதுங்க!"

"கலியமூர்த்தி சார்."

நாலு தடவையும் நகல் எடுத்த மாதிரி துளி மாறாத அதே தொனி. அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

"அப்ப ரெக்கார்டிங் வேலை பாக்க ஏழெட்டுப் பேர் மாறி மாறி வந்தாங்க" என்றார் யமுனா. "நீங்ககூட ஒரு மாசம் வந்தீங்க."

"நான் வந்தா ஒழுங்கா வேலை பாப்பேன். இது எவனோ வேலைத் திருடன்."

யமுனா அலமாரியிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார். வெட்டாத பதிவு. அன்றைக்கு மைக்கில் விழுந்தது மொத்தமும் அதில் இருந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு இருமல். அடித்தந்தி ஒருமுறை நீளமாக முனகி ஓய்ந்தது.

பிறகு ஆசீர்வாதத்தின் குரல். "தம்பி, கை இப்பத்தான் சூடாச்சு. இன்னொரு தடவை வாசிக்கிறேன், கேளுங்க."

"போதும் சார், விடுங்க. ஒண்ணை நாலாக்க எனக்குத் தெரியும். அடுத்ததுக்குப் போங்க."

"இல்ல தம்பி, ஒரே ஒரு தடவை…"

"அட, போதும்னா போதும் சார்!"

பேரம் பேசிப் பழகின குரல். அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் அது யாருடையது என்று தெரியும்.

கலியமூர்த்தி தரையைப் பார்த்தபடி நின்றார்.

"மேடம்… அவர் பேசுறதை மட்டும் எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துரலாம். இன்னொரு குரலை வெட்டிருவோம்."

"வெட்டி வெட்டித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

"நான் என்னதான் பண்றது?"

யமுனா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"இதை வெட்டாம அப்படியே போடுங்க. எவன்னு கேட்டீங்களே, அந்த ஆளை ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லுங்க. கிளாடிஸ் பக்கத்துல உட்காரச் சொல்லுங்க. ஆசீர்வாதம் சார் 'கேளுங்க'ன்னு கெஞ்சினாரே, இந்தத் தடவையாவது 'போதும்'னு சொல்லாம முழுசாக் கேக்கச் சொல்லுங்க."