பூவலிங்கம் காவல் காத்த கம்பு

தென்துருவத்தில் புத்திசாலிகள் நிறையப் பேர் கூடியிருக்கிறார்களாம். இருக்கட்டும். எல்லாரும் புத்திசாலியாக இருந்தால் யாரைப் பார்த்து யார் தலையில் அடித்துக்கொள்வது? அந்தக் குறை இருக்க வேண்டாம் என்றுதான் நம் பக்கத்திலிருந்து மூன்று பேரை அனுப்பி வைத்தோம்.

மூத்தவர் பூவலிங்கம். பத்து வருஷம் சர்வேயர் பின்னால் அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக அலைந்தவர். அடுத்தவர் சமையல்காரர் இருதயராஜ். மூன்றாவது, ஜெனரேட்டர் மெக்கானிக் சேர்மக்கனி. "பனிப்பிரதேச ஆராய்ச்சிக்கு உதவியாளர் தேவை. சொன்னதைச் சொன்னபடி செய்பவராக இருக்க வேண்டும்" என்று பேப்பரில் விளம்பரம் வந்ததும், இது நமக்கென்றே போட்டது என்று மூன்று பேருக்கும் பட்டுவிட்டது. பட்டதில் தப்பே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பூவலிங்கம் கிளம்பிய அன்று ஊர் முக்கில் பேனர் கட்டினார்கள். "தென்துருவம் அளக்கப் புறப்பட்ட எங்கள் தென்பாண்டிச் சிங்கமே!" படத்தில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கரடியையும் நிறுத்தியிருந்தார்கள். தென்துருவத்தில் கரடி கிடையாது என்பது பேனர் போட்டவருக்கும் தெரியாது, சிங்கத்துக்கும் தெரியாது.

மனைவி பேச்சித்தாய்தான் காதோடு சொன்னாள். "இங்க பாருங்க. சர்வேயர் ரிட்டயரான பொறவு மூணு வேலைக்குப் போனிய. மூணுலயும் மாசம் முடியுமுன்ன வாசல்ல வந்து நின்னிய. இந்தத் தடவ அந்தப் பேனர் வெயில்ல வெளுக்குற வரைக்குமாவது அங்கனயே இருங்க. தெருவுல நான் தலை நிமிந்து நடக்காண்டாமா?"

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பேனர் கிழிஞ்சாலும் நான் வரமாட்டேன் பேச்சி" என்று சத்தியம் செய்துவிட்டுக் கப்பலேறினார்.

போய்ச் சேர்ந்த முதல் வாரமே சத்தியத்துக்கு ஆபத்து வந்தது. ஆராய்ச்சித் தலைவி டாக்டர் மங்கையர்க்கரசி, ஆழத்திலிருந்து துளைபோட்டு எடுத்த பனித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டாயிரம் வருஷத்துப் பனி இது. கைக்குழந்தை மாதிரிப் பாத்துக்குங்க" என்றார்.

கைக்குழந்தைக்கு இந்தக் குளிர் ஆகுமா? இருதயராஜ் தன் கம்பளியை எடுத்துச் சுற்றினார். சேர்மக்கனி வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைத்தார். பூவலிங்கம் மடியில் போட்டு ஆட்டினார். ஒரு மணி நேரத்தில் குழந்தை கம்பளியை நனைத்துவிட்டது. "குழந்தைன்னா அப்படித்தான்" என்று வேறு கம்பளி மாற்றினார்கள். கடைசியில் மிஞ்சிய தண்ணீரை வீணாக்குவானேன் என்று இருதயராஜ் டீ போட்டார். டாக்டரம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். நல்லாயிருக்கே, எந்தத் தண்ணி என்று அவர் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இதுதான் கடைசி, பூவலிங்கம். இன்னொரு தடவை நான் சொன்னதை மீறினீங்க, அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிருவேன்" என்றார் டாக்டரம்மா. நாம் எங்கே மீறினோம் என்பது பூவலிங்கத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் பேனர் ஞாபகம் வந்ததும், "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டார்.

அடுத்து வந்ததுதான் கம்பு.

கடலை ஒட்டிய பனிவெளியில் ஒரு கூடாரம். அங்கிருந்து கடல் பக்கமாகப் எட்டு மீட்டர் தள்ளி, சிவப்புக் கொடி கட்டிய கம்பு ஒன்றை நட்டிருந்தார் டாக்டரம்மா. அந்தப் பனிவெளி மொத்தமும் நாளைக்கு ஒரு மீட்டர் கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. கூடாரமும் கம்பும் கூடவே நகரும். எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கத்தான் கம்பே. இதைக் கப்பலில் ஒன்றரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். அந்த ஒன்றரை மணி நேரமும் நம் ஆட்கள் மூன்று பேரும் வாந்தி வாளிக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

"நான் பன்னிரண்டு நாள் தலைமை முகாமுக்குப் போறேன். இந்தக் கம்புதான் இந்த வருஷ வேலையே. அசையாமப் பாத்துக்குங்க. தினமும் காலையில ஜி.பி.எஸ். வச்சு இடத்தைக் குறிங்க. பென்குயின் வந்தா அஞ்சு மீட்டர் தள்ளியே நில்லுங்க. நான் திரும்பி வரும்போது குழி, குப்பை ஒண்ணு மிஞ்சக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சிட்டும்மா" என்றார்கள் மூன்று பேரும். ஹெலிகாப்டர் பறந்துவிட்டது.

மறுநாள் காலை பூவலிங்கம் ஜி.பி.எஸ்.ஸைக் கம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அவருக்குப் பகீரென்றது.

"லே, கம்பு ஒரு மீட்டர் கடல் பக்கம் போயிருக்கு!"

"விழலையே அண்ணாச்சி, நட்டமாத்தான நிக்குது?" என்றார் சேர்மக்கனி.

"நட்டமாத்தான் நிக்கும். வரப்பு வரப்பாப் பாத்தவம்லே நானு. தூங்கி எந்திரிச்சாச் சர்வே கல்லு அடுத்தவன் வயல்ல நட்டமா நிக்கும். இது ஆக்கிரமிப்பு."

"இங்க அடுத்தவன் ஆரு அண்ணாச்சி?"

மூன்று பேரும் சுற்றிப் பார்த்தார்கள். எட்டுத் திக்கும் வெள்ளை. கடலோரமாக ஒரே ஒரு பென்குயின் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"அவந்தான்" என்றார் பூவலிங்கம். "நிக்கிற தோரணையப் பாரு. பெரிய மிராசு."

இருதயராஜுக்கு ஒரு சந்தேகம். "கல்ல நம்ம பக்கம் நகட்டினால்லா அவனுக்கு லாபம்? அவன் பக்கமே நகட்டியிருக்கானே. அவன் நெலந்தான குறையும்?"

பூவலிங்கம் தாடையைச் சொறிந்துகொண்டு நெடுநேரம் யோசித்தார். "முட்டாப் பயலா இருப்பான் போலிருக்கு" என்றார் கடைசியில், ரொம்ப வருத்தத்தோடு.

அடுத்தவன் விவரமில்லாமல் விட்ட நிலத்தைச் சுருட்டுகிற குடும்பம் இல்லை அவருடையது. கம்பைப் பிடுங்கினார்கள். ஜி.பி.எஸ். பழைய எண்ணைக் காட்டும் இடம்வரை ஒரு மீட்டர் பின்னால் வந்து, புதுக் குழி தோண்டி நட்டார்கள். அப்புறம்தான் நோட்டில் எழுதினார், முதல் நாள் எண்ணையே, முத்து முத்தாக.

மூன்றாம் நாளும் ஒரு மீட்டர் போயிருந்தது. பிடுங்கி நட்டார்கள். நான்காம் நாளும் அப்படியே.

காவல் இருந்து கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றால், பென்குயின் கிட்டே வந்தாலே வேறு வில்லங்கம். அஞ்சு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சேர்மக்கனி டேப்பை எடுத்து வந்தார்.

"அந்த முனைய ஆரு பிடிக்க?"

"பென்குயினுதான் பிடிக்கணும்."

"பிடிக்குமா?"

"கேட்டாத்தான தெரியும்."

"கேக்கணும்னா கிட்டப் போவணுமே. அஞ்சு மீட்டருக்குள்ளல்லா வந்துரும்!"

இந்த விவகாரம் ஒரு நாள் முழுக்க ஓடியது. கடைசியில், அது ஓரடி முன்னால் வைத்தால் நாம் பத்தடி பின்னால் வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. இவ்வளவு மரியாதைக்காரர்களை அந்தப் பென்குயின் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதற்குப் பிடித்துப்போய்விட்டது. தினமும் மூன்று பேரையும் கூடாரத்தைச் சுற்றி நாலு சுற்று விரட்டிவிட்டுத்தான் மீன் பிடிக்கப் போகும்.

ஆறாம் நாள் இருதயராஜ் ஒன்றைக் கவனித்தார். "அண்ணாச்சி, கம்பு கூடாரத்துக்குக் கிட்டக் கிட்ட வருதே?"

"கம்பு எங்கலே வருது? நோட்டப் பாரு, இருந்த எடத்துலதான் இருக்கு. கூடாரந்தான் நடக்கு."

"ஐயையோ, கூடாரம் நடக்குமா?"

"நடந்துட்டுப் போவட்டும். கம்பு அசையாமப் பாத்துக்கத்தான சொன்னாவ? கூடாரத்தப் பத்தி மூச்சு விடலையே."

ஒன்பதாம் நாள் கம்பு வாசலில் நின்றது. பத்தாம் நாள் கம்பு நிற்க வேண்டிய இடம் கூடாரத்துக்குள், அடுப்புக்கு நேர்பின்னால். வேறு வழியில்லாமல் கூரையை வட்டமாகக் கத்தரித்துக் கம்பை நட்டு, கொடியை வெளியே எடுத்துவிட்டார்கள். பதினோராம் நாள் அது இருதயராஜின் படுக்கைக்கு நட்டநடுவில் வந்தது. அவர் கம்பைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டார். அண்ணாச்சியின் வேலை நிலைக்க வேண்டுமே!

பன்னிரண்டாம் நாள் காலை இருதயராஜ் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பென்குயின் நேராகக் கூடாரத்துக்குள் வந்துவிட்டது. மூன்று பேரும் அடுப்பை அணைத்துவிட்டு, பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். இருதயராஜ் கையில் தோசைக்கல், சேர்மக்கனி கையில் மண்வெட்டி, பூவலிங்கம் கையில் நோட்டும் ஜி.பி.எஸ்.ஸும். பென்குயின் கம்பின் அடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

"குழி! குழி மிஞ்சக் கூடாது!" என்று பூவலிங்கம் கத்தினார். மற்ற இரண்டு பேரும் ஓடினார்கள்.

டாக்டரம்மா இறங்கினார். கொடி கூடாரத்தின் உச்சியில் பறப்பதைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். பன்னிரண்டு நாளும் ஒரே எண்.

"பனி... நின்னு போச்சா? இத்தனை பெரிய பனிவெளி ஒரு அங்குலம்கூட நகரலையா?"

"நகர விடுவோமா? தினமும் ஒரு மீட்டர் போவும். பிடுங்கிப் பழைய எடத்துல நட்டுருவோம்லா" என்றார் பூவலிங்கம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டரம்மா அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். "நகர்த்துறதுக்கு முன்னாடி எங்க இருந்ததுன்னாவது எழுதினீங்களா?" என்றார்.

"தப்பா நின்னத எழுதி உங்க நோட்ட அழுக்காக்கலாமாம்மா?"

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். திடீரென்று துள்ளி எழுந்தார். "குழி! மேல இருந்து பாத்தேனே, வரிசையாக் குழி! ஒவ்வொரு குழிக்கும் அடுத்த குழிக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் அன்னைக்குப் பனி நகர்ந்தது. அதை அளந்தாப் போதும். பூவலிங்கம், தப்பிச்சோம்!"

பூவலிங்கத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் டாக்டரம்மா சிரித்ததைப் பார்த்துச் சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இருவரும் திரும்பினார்கள். பனி கண்ணாடிபோல் வழுவழுவென்று கிடந்தது. சேர்மக்கனி மண்வெட்டியை ஊன்றி நிற்க, இருதயராஜ் தோசைக்கல்லால் கடைசித் தட்டு ஒன்று தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆச்சும்மா. இனி அந்த ஆண்டவனே வந்தாலும் எங்கன குழி இருந்ததுன்னு கண்டுபுடிக்க முடியாது."

டாக்டரம்மா ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். "மூணு பேரும் இங்க வாங்க. இந்த இடத்துல நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு விரக்கடை அசைஞ்சீங்க, மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிருவேன்." ஹெலிகாப்டருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணி நேரம் கழித்து, அழுது, சிரித்து, மறுபடி அழுது முடித்து அவர் கதவைத் திறந்தபோது, மூன்று பேரும் ஒன்றாகக் காலைத் தேய்த்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அசையாதீங்கன்னு சொன்னேனே! ஏன் நகர்ந்தீங்க?"

"நாங்க எங்கம்மா நகந்தோம்?" பூவலிங்கம் ஜி.பி.எஸ்.ஸையும் நோட்டையும் நீட்டினார். "நீங்க நிறுத்தின எடத்துலயே நிக்கோம். நீங்களும் ஹெலிகாப்டரும்தான் கடல் பக்கம் போயிட்டிய. மணிக்கு மணி எழுதி வச்சிருக்கேன்."

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். "டாக்டரம்மா ஓடிப்போன தூரம்: முதல் மணி, ரெண்டு விரக்கடை. ரெண்டாம் மணி, ரெண்டு விரக்கடை. மூணாம் மணி, ரெண்டு விரக்கடை." விரக்கடை என்றால் ஒரு விரல் அகலம், ரெண்டு சென்டிமீட்டர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். பனியின் நகர்வை இவ்வளவு சரியாக அந்தப் பிரதேசத்தில் யாரும் அளந்ததில்லை.

அவர் பூவலிங்கத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தார். ஏறக்குறையக் கம்பின் உயரம்தான் இருந்தார்.

அந்த வாரம் பேச்சித்தாய்க்குப் போன் வந்தது. "என்ன, கெளம்பி வாறியளா?" என்றாள் அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"நான் ஏன் வாறேன்? வருஷம் முழுக்க வேலை இருக்கு பேச்சி. கம்ப எடுத்துட்டு அந்த எடத்துல என்னைய நிப்பாட்டியிருக்காவ. தலையில கொடியெல்லாம் கட்டியிருக்கு!"

மறுநாளே ஊர் முக்கில் இரண்டாவது பேனர் ஏறியது. "தென்துருவத்தில் அசையாமல் நிற்கும் எங்கள் கம்பே!" பக்கத்தில் அதே கரடி.