பின்னால் உருட்டச் சொன்ன வாத்தியார்

கிழக்குக் காட்டுப் பந்தாட்டக் கூட்டத்துக்குப் புது வாத்தியாராக ஒரு சாணி வண்டு வந்து சேர்ந்தது.

சிரிக்காதீர்கள். காடே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டது, நமக்கு மிச்சம் வைக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் எல்லாருக்கும் பயம் வந்தது. கிழக்குக் காட்டுக்கும் மேற்குக் காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மடு. கோடையில் அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. வருஷத்துக்கு ஒரு பந்தாட்டம் நடக்கும். ஜெயித்த காடு முதலில் குடிக்கும், தோற்ற காடு அப்புறம் குடிக்கும். ஆட்டம் சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே முதல் உரிமை. மூன்று வருஷமாக ஜெயிப்பது மேற்குக் காடு, அதாவது யானைக் காடு. அவை குடித்து, குளித்து, புரண்டு எழுந்தபின் மிஞ்சுவது தண்ணீரா என்ன? வெறும் சேறு. போன கோடையில் புள்ளிமான் செம்பியின் குட்டி அந்தச் சேற்றைக் குடித்துவிட்டுப் பத்து நாள் எழுந்திருக்கவில்லை.

பழைய வாத்தியார் வரையாட்டுக்குத் தெரிந்தது ஒரே யோசனை. பந்தைக் காட்டெருமை காரியிடம் கொடு, காரி நேரே ஓடி முட்டட்டும். காரியும் முட்டுவான். பந்து நுழைய வேண்டிய இரண்டு பனைமரத்துக்கு நடுவில் காவல் நிற்கும் யானை ஓர் அங்குலம் அசையாது. காரிதான் மல்லாந்து விழுவான். மூன்று வருஷமும் இதேதான் நடந்தது. வெட்கம் தாங்காமல் வரையாடு மலையேறிப் போய்விட்டது.

புது வாத்தியார் ஆள் எடுத்த அழகைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு கல், அவரவர் உடம்பைவிடப் பெரிய கல். அதை மேட்டின் உச்சிக்கு உருட்ட வேண்டும். காரி தன் பாறையைத் தனியாகவே தள்ளி ஏற்றினான். நெற்றித்தோல் கிழிந்தது. உதவிக்கு வந்த செம்பியையும், போய் வேலையைப் பார் என்று விரட்டிவிட்டான். கீரிக்கோ பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கியது. அது ஆமையைக் கூப்பிட்டு முட்டுக் கொடுக்கச் சொன்னது. ஆமை வயல் எலிகளைக் கூப்பிட்டது. எல்லாமாகச் சேர்ந்து கத்திக் களேபரம் பண்ணி ஒரு வழியாக ஏற்றின.

வண்டு கீரியை எடுத்தது, ஆமையை எடுத்தது, எலிகளை எடுத்தது. காரியை உட்கார வைத்துவிட்டது.

காரிக்கு வந்ததே கோபம். “ஏய் வண்டு, தனியா ஏத்தினவன் நான் ஒருத்தன்தான்!” என்று மண்ணைக் கிளப்பினான்.

“அதான் தம்பி, உன்னைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு” என்றது வண்டு.

அடுத்து ஆட்டமுறை. தான் உருண்டை உருட்டுகிற மாதிரியே அவர்களையும் பழக்கியது வண்டு. எதிரே யாராவது மறித்தால் முட்டாதே, பின்னங்காலால் பந்தைப் பின்னால் தள்ளு, பின்னால் வருகிறவன் எடுத்துக்கொள்வான் என்றது. முன்னால் போக வேண்டிய பந்து நாளெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆமையை வைத்து ஆடுகிற ஆட்டமெல்லாம் ஓர் ஆட்டமா என்று கவுதாரி கேட்டது. வேலி ஓணான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. வண்டுக்குத் தொழில் தெரியும் என்று எலிகள் சொன்னபோதும் அதே தலையை அதே வேகத்தில்தான் ஆட்டியது!

செம்பியால் பொறுக்க முடியவில்லை. நேரே வண்டிடம் போனாள்.

“ஐயா, என் குட்டி இன்னொரு கோடை சேறு குடிச்சா பிழைக்காது. இது பலிக்குமா, நிஜத்தைச் சொல்லுங்க.”

“தெரியலைம்மா” என்றது வண்டு. “முட்டினா விழுவோம்னு மட்டும் மூணு வருஷமாத் தெரியும்.”

இந்தப் பதிலைக் கேட்டு யாருக்குத் தூக்கம் வரும்? செம்பிக்கும் வரவில்லை.

ஆட்ட நாள் வந்தது. பந்து பின்னால் போனது, பக்கத்தில் போனது, மறுபடி பின்னால் போனது. யானைகள் அதைத் துரத்தித் துரத்தி மூச்சிரைத்தன. ஆனால் பனைமரத்து யானை மட்டும் இடத்தை விட்டு நகரவே இல்லை. அது நிற்கிறவரை பந்து நுழைய வழியும் இல்லை. வெயில் சாய்ந்தது. இரண்டு பக்கமும் பூஜ்யம். இப்படியே முடிந்தால் மடு யானைகளுக்குத்தான். காரியை இறக்கு, காரியை இறக்கு என்று காடே கூச்சல் போட்டது.

வண்டு காரியின் கொம்பில் ஏறி உட்கார்ந்தது.

“போ தம்பி. உன்னைக் கண்டா அந்த யானை கட்டாயம் முன்னால வரும். மூணு வருஷமா உன்னைத் தள்ளி ருசி கண்டது அது. வந்ததும் என்ன செய்யணும்னு உனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டது.

காரி பந்தோடு புழுதி பறக்க ஓடினான். யானை காதை விரித்தது. பழைய ருசி விடுமா? பனைமரங்களை விட்டு நான்கு எட்டு முன்னால் வந்து தலையைத் தாழ்த்தியது. முட்டு, முட்டு என்று காடு கத்தியது. காரியின் கொம்பும் அதைத்தான் கேட்டது. மூன்று வருஷ அவமானம் கழுத்தில் ஏறி நின்றது. அப்போது மடுவின் கரையில் நிற்கும் செம்பியின் குட்டி கண்ணில் பட்டது.

காரி சட்டென்று நின்றான். பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“யாராவது வாங்களேன்!”

சொல்லிக்கொண்டே பின்னங்காலால் பந்தைத் தள்ளினான். பின்னால் ஆமை ஏற்கெனவே வந்து நின்றது, எப்படி வந்ததோ. ஆமை அதை எலிகளிடம் தள்ளியது, எலிகள் ஓரமாக ஓடிய கீரியிடம் தள்ளின. யானை திரும்பியது. அந்த உடம்பு திரும்பி முடிப்பதற்குள் கீரி பந்தைக் காலியான பனைமரங்களுக்கு நடுவில் உருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் செம்பியின் குட்டி மடுவில் குனிந்தது. தெளிந்த தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மிரண்டு துள்ளியது. பிறகு வயிறு முட்டக் குடித்தது. செம்பி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இந்த வண்டைப் பற்றித் தான் முதல் நாளே சொன்னதாக ஓணான் ஒவ்வொருவரிடமும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

வண்டு மட்டும் அங்கே இல்லை. மேட்டில் ஒரு பெரிய உருண்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காரி அங்கே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“வாத்தியாரே, கொஞ்சம் தள்ளி விடட்டுமா?”

“தள்ளுப்பா. நீ எப்போ கேப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றது வண்டு.

தனியாகத் தள்ளுகிற பலம் எவ்வளவு இருந்தாலும், கூட வாருங்கள் என்று கேட்கத் தெரிந்தவனே தன் கூட்டத்தை ஜெயிக்க வைப்பான்.